இன்புளுயன்சா ஜுரமும் நுரையீரலின் காப்பும்

இன்புளுயன்சா என்னும் விஷஜுரம் நமது நாட்டில் ஆண்டுக்கு இருமுறை தலைகாட்டுகிறது. தை முதல் பங்குனி வரையில் ஒரு முறையும், மழைக்காலத்தின் இறுதியை ஒட்டி மற்றொரு முறையும் அது மிகுதியாகப் பரவுவதைச் சுகாதார இலாகாவினர் பல்லாண்டுகளாகக் கவனித்து வருகின்றனர். சம்பா நடவும் களையெடுப்பும் தை அறுவடையும் இப்பருவங்களையே ஒட்டி வருவதால், இந்நோயினால் குடியானவர்க்கு நேரும் நஷ்டம் மருந்துச் செலவோடு நின்றுவிடுவதில்லை. ஒரு தெருவில் பத்து ஆட்கள் ஒரே வாரத்தில் படுத்துவிட்டால், முற்றிய கதிர் வயலிலேயே உதிர்வதை மிராசுதாரர் பலரும் கண்டிருப்பர்.

பயிர்த்தொழிலைப் பேசவேண்டிய ஏட்டில் வைத்தியத்துக்கு என்ன வேலை என்று வாசகர்கள் வினவுதல் கூடும். இந்நோயில் நுரையீரல் எவ்விதம் கெடுகிறது, அதைக் காக்கும் பொருள்கள் எவை என்று ஆராய்ந்தவர்கள், வழியில் மாட்டின் இரத்தத்தையும் நிலத்தின் உப்புக்களையும் தோட்டத்துக் காய்கனிகளையும் தொட்டே சென்றிருக்கின்றனர். ஆகவே இவ்விஷயம் நமக்கும் உரியதே. மேலும், "நுரையீரலைப் பலப்படுத்தும்" என்று விளம்பரம் செய்து சந்தையில் விற்கப்படும் மாத்திரைகளுக்கும் லேகியங்களுக்கும் குடியானவர்கள் கொடுக்கும் பணம் சிறிதன்று. அப்பணம் தக்க இடத்தில் செலவாகிறதா என்பதை அறிந்துகொள்வது அவசியம்.

இந்நோயின் வலிமை எத்தகையது என்பதை 1918ஆம் ஆண்டு நிகழ்ச்சிகள் காட்டும். உலக யுத்தத்தின் கடைசி மாதங்களில், அவ்வாண்டு கோடையின் முடிவில், பம்பாய்த் துறைமுகத்தின் வழியாக இன்புளுயன்சா இத்தேசத்தில் நுழைந்தது. முதலில் வந்த ஜுரம் அவ்வளவு கொடியதாய் இருக்கவில்லை. ஆனால் செப்டம்பர் மாதத்தில் எழுந்த இரண்டாவது அலை, ரயில் பாதைகளைப் பின்பற்றி உள்நாட்டுக் கிராமங்களுக்கெல்லாம் சென்று மக்களைக் கொள்ளை கொண்டது. அவ்வாண்டிலேயே தென்மேற்குப் பருவமழையும் பொய்த்துவிட்டது. தானிய விலை ஏறி, பஞ்சத்தால் இளைத்திருந்த உடல்கள்மீது நோய் வந்து விழுந்தது. பம்பாய் மாகாணமும் மத்திய மாகாணமும் மிகவும் நாசமடைந்தன. சென்னை மாகாணத்தில் சாவின் விகிதம் அவற்றைவிடக் குறைவு. இறந்தவர் தொகை சுமார் 60 லட்சம் என்று சர்க்கார் முதலில் மதிப்பிட்டனர். பிற்காலத்தில் ஜனத்தொகைக் கணக்குகளை நுணுகி ஆராய்ந்தவர்கள் 1 கோடியே 20 லட்சம் முதல் 2 கோடி வரை என்று கூறுகின்றனர். 1911க்கும் 1921க்கும் இடையே இத்தேசத்து ஜனத்தொகை நூற்றுக்கு ஒன்றேகால் வீதங்கூடப் பெருகாமல் நின்றதற்கு இதுவே தலையாய காரணம்.

இதில் நிலமுடையோர் கவனிக்க வேண்டிய ஒரு செய்தி உண்டு. கிராமங்களில் உழவுக்கு வேண்டியதற்கு மேல் ஆட்கள் இருக்கின்றனர்; அவர்களில் ஒரு பங்கினரை அப்புறப்படுத்தினாலும் விளைச்சல் குறையாது என்று பொருளாதார நூலோர் சிலர் சாதித்து வந்தனர். அமெரிக்கப் பேராசிரியர் தியோடர் ஷூல்ட்ஸ், 1964இல் வெளியிட்ட நூலில், இக்கொள்கையை 1918ஆம் ஆண்டு இன்புளுயன்சாவைக் கொண்டு சோதித்துப் பார்த்தார். மழை சரியாயிருந்த 1916-17ஆம் ஆண்டையும் 1919-20ஆம் ஆண்டையும் அவர் ஒப்பிட்டார். உழைப்பாளர் நூற்றுக்குச் சுமார் 8 பேர் குறைந்திருக்க, பயிரிட்ட பரப்பும் நூற்றுக்கு 3.8 வீதம் சுருங்கியிருக்கக் கண்டார். கிராமத்தில் வேலையின்றி இருப்பவர்போல் தோன்றுகிறவரும் பயிருக்குத் தேவையானவரே என்பது அவர் முடிவு. அமர்த்தியா சென் பின்னர் இக்கணக்கின் முறையை மறுத்து எழுதியதுண்டு. அவ்வாதம் நூலோருக்குள் எவ்வாறு முடியினும், நடவுக்காலத்தில் ஆளுக்கு அலைந்தவர்களுக்கு ஷூல்ட்ஸின் முடிவு புதுமையாகத் தோன்றாது.

அக்காலத்து நோயின் விசித்திரம் ஒன்றும் இங்கே சொல்லற்பாலது. சாதாரண ஆண்டுகளில் இந்த ஜுரம் பச்சிளங் குழந்தைகளையும் முதியோரையுமே பெரிதும் மாய்க்கும். 1918இலோ, இருபது வயதுக்கும் நாற்பது வயதுக்கும் இடைப்பட்ட திடகாத்திரமான ஆடவரும் பெண்டிரும் அதிகமாக மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் வைரஸினால் புண்பட்ட நுரையீரலில் வேறு பாக்டீரியாக்கள் புகுந்து நிமோனியா கண்டு இறந்தவர்கள் என்பது, பாதுகாத்து வைக்கப்பட்டிருந்த உடற்பகுதிகளைப் பிற்காலத்தார் சோதித்ததில் தெளிவாயிற்று. ஆயினும் வலிய உடலே விரைவில் வீழ்ந்ததற்குக் காரணம் என்ன என்ற வினா நெடுங்காலம் நின்றது.

நோய்க்கிருமியே 1918இல் இன்னதென்று அறியப்படவில்லை. அமெரிக்காவில் ரிச்சர்ட் ஷோப் என்பவர் பன்றிகளின் இன்புளுயன்சாவை ஆராய்ந்து, வடிகட்டிகளிலும் தங்காத நுண்ணிய வைரஸே அதற்குக் காரணம் என்று 1931இல் காட்டினார். இரண்டாண்டுகள் கழித்து லண்டனில் வில்ஸன் ஸ்மித், கிறிஸ்டபர் ஆண்ட்ரூஸ், பாட்ரிக் லெய்ட்லா ஆகிய மூவரும், கீரியை ஒத்த பெரட் என்னும் பிராணியில் மனிதரின் வைரஸைப் பிரித்தெடுத்தனர். கால்நடை வைத்தியம் மனித வைத்தியத்துக்கு ஓரடி முன்னே சென்ற சந்தர்ப்பங்களில் இது ஒன்று.

இனி நுரையீரலுக்குள் நடப்பதைக் காண்போம். சுவாசக் குழாய்கள் கிளைத்துக் கிளைத்துச் சென்று, கோடிக்கணக்கான சிறு காற்றறைகளில் முடிகின்றன. அவற்றையெல்லாம் பிரித்து விரித்தால், ஏறத்தாழ 70 சதுர மீட்டர், அதாவது ஒன்றே முக்கால் சென்ட் நிலத்தின் பரப்பைக் கொள்ளும். ஒவ்வொரு காற்றறையின் சுவரும் மிக மெல்லியது. காற்றிலுள்ள பிராணவாயு அச்சுவரைக் கடந்தே இரத்தத்தில் கலக்கிறது. வைரஸ் முதலில் மூக்கிலும் தொண்டையிலும் உள்ள மேற்றோல் அணுக்களில் புகுந்து பெருகுகிறது. நோய் கீழே இறங்கினால் காற்றறைகளின் சுவரையும் பற்றுகிறது.

உடல் சும்மா இருப்பதில்லை. இரத்தத்திலுள்ள வெள்ளணுக்கள் அவ்விடத்துக்கு ஓடிவந்து, பிராணவாயுவையே ஆயுதமாக்கிக் கிருமியைத் தாக்குகின்றன. நாம் மூச்சில் இழுக்கும் பிராணவாயு சாந்தமானது. வெள்ளணு அதனுடன் ஒரு எலெக்ட்ரானைக் கூட்டி சூப்பராக்ஸைடு என்னும் உக்கிரமான உருவத்துக்கு மாற்றுகிறது. அதிலிருந்து ஹைட்ரஜன் பெராக்ஸைடும், சலவைத் தூளிலுள்ள காரத்துக்கு ஒப்பான வேறொரு பொருளும் பிறக்கின்றன. நைட்ரிக் ஆக்ஸைடு என்னும் மற்றொரு வாயு சூப்பராக்ஸைடுடன் சேர்ந்தால், அவ்விரண்டையும்விடக் கொடிய பெராக்ஸிநைட்ரைட்டு உண்டாகிறது. இவை கிருமியை மாத்திரம் தெரிந்தெடுத்துச் சுடுவன அல்ல. அருகிலுள்ள அணுக்களின் கொழுப்பையும் புரதத்தையும், இரும்பைத் துரு தின்பதுபோல் தின்றுவிடுகின்றன. பட்டிமாட்டை விரட்ட வயலில் இறங்கிய காவலாட்கள் நூறுபேர், மாடு மேய்ந்ததைவிட அதிகமான பயிரை மிதித்து அழித்துவிட்டால் எப்படியோ, அப்படியே இது நிகழ்கிறது. சுவர் சிதைந்தவுடன் காற்றறைக்குள் நீர் கசிகிறது. நோயாளி மூச்சுக்குத் திணறுகிறான். வலிய உடலில் காவலாட்கள் அதிகம் என்பதை நினைத்தால், 1918ஆம் ஆண்டின் விசித்திரம் ஒருவாறு விளங்கலாம். அறிஞர் கூறும் காரணங்களில் இது ஒன்றேயன்றி முழுக்காரணம் அன்று.

இத்துருவைத் தடுக்கும் பொருள்களுக்கு ஆன்டி-ஆக்ஸிடன்ட் என்று பெயர். எரிப்புத் தடுப்பான் என்று இக்கட்டுரையில் வழங்குவோம். அவற்றுள் ஒன்றின் வரலாறு மாட்டுக் கொட்டிலிலிருந்து தொடங்குகிறது. 1938இல் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையைச் சேர்ந்த மான், கெய்லின் என்னும் இருவர், மாட்டின் இரத்தத்திலிருந்து நீலநிறமான ஒரு புரதத்தைப் பிரித்தனர். அதில் தாமிரம் இருந்தது. அது உடலில் என்ன வேலை செய்கிறது என்பது முப்பது ஆண்டுகள் வரையில் எவருக்கும் விளங்கவில்லை. 1969இல் அமெரிக்காவிலுள்ள ட்யூக் சர்வகலாசாலையில் மக்கார்ட், பிரிடோவிச் என்பவர்கள், சூப்பராக்ஸைடை அழிப்பதே அதன் தொழில் என்று கண்டு, சூப்பராக்ஸைடு டிஸ்மியூட்டேஸ் என்று பெயரிட்டனர். தாமிரமும் துத்தநாகமும் இன்றி இந்நொதிப்பொருள் வேலை செய்யாது.

ஜப்பான் தேசத்துக் குமமோட்டோ சர்வகலாசாலையில் ஓடா, அகாய்கே, மயேடா முதலியோர் இதனை இன்புளுயன்சாவுக்குப் பொருத்திப் பார்த்தனர். வைரஸ் புகுத்தப்பட்ட சுண்டெலிகளின் இரத்தத்திலும் நுரையீரலிலும், சூப்பராக்ஸைடை உண்டாக்கும் ஸாந்தைன் ஆக்ஸிடேஸ் என்னும் நொதிப்பொருள் மிகுந்திருந்தது. அப்படியானால் சூப்பராக்ஸைடை நீக்கினால் எலிகள் பிழைக்குமா என்று சோதிக்க எண்ணினர். ஆனால் டிஸ்மியூட்டேஸை ஊசியின் மூலம் செலுத்தினால் அது சில நிமிஷங்களில் இரத்தத்தை விட்டு வெளியேறிவிடும். ஆகவே பைரான் கோபாலிமர் என்னும் நீண்ட மூலக்கூறுடன் அதனைப் பிணைத்து, நெடுநேரம் உடலில் தங்கும்படி செய்து செலுத்தினர். சாகவேண்டிய எலிகள் பிழைத்தன. 1989இல் "சயன்ஸ்" என்னும் பத்திரிகையில் இவ்வாராய்ச்சி வெளிவந்தது.

இதில் சிறப்பாக நோக்கவேண்டியது மருந்து செலுத்திய காலமாகும். நோய் புகுத்திய ஐந்தாம் நாள் முதல் எட்டாம் நாள் வரையில் செலுத்தியபோதே எலிகளுக்குக் காப்புக் கிடைத்தது. இன்புளுயன்சா நோயாளி ஜுரம் தணிந்தபின் திடீரென்று மோசமடைவதை வைத்தியர்கள் கண்டிருக்கின்றனர். கிருமியின் பெருக்கத்தோடு உடலின் மிதமிஞ்சிய எதிர்ப்பும் சேர்ந்தே நுரையீரலை அழிக்கிறது என்ற கருத்துக்கு இச்சோதனை நல்ல பலம் கொடுத்தது. 2011இல் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர், வெள்ளணுக்களில் சூப்பராக்ஸைடை உண்டாக்கும் நொதிப்பொருள் பிறவியிலேயே இல்லாத எலிகளுக்கு இன்புளுயன்சாவில் நுரையீரல் அழற்சி குறைவாக இருப்பதைக் காட்டினர்.

நுரையீரலின் உட்பரப்பை மெல்லிய நீர்ப்படலம் ஒன்று மூடியிருக்கிறது. அதிலே குளூட்டாதையோன் என்னும் எரிப்புத் தடுப்பான், இரத்த நீரில் இருப்பதைப்போல் நூறு மடங்குக்கும் அதிகமாக நிறைந்திருக்கிறது. அதனுடன் ஸி வைட்டமினும், ஈ வைட்டமினும் இருக்கின்றன. இவை ஒன்று செலவழிந்தால் மற்றொன்று அதனைப் புதுப்பித்துக் கொடுக்கும் வகையில் அமைந்தவை. களஞ்சியத்தில் தானியம் இருக்கும் வரையில் பஞ்சத்தைத் தாங்குவதுபோல், இக்கையிருப்பு உள்ளவரை நுரையீரல் துருவைத் தாங்கும். பீடி, சுருட்டுப் புகையும் விறகடுப்பின் புகையும் நோய் வருமுன்பே இக்கையிருப்பைக் கரைத்துவிடுகின்றன. புகைபிடிப்பவரின் இரத்தத்தில் ஸி வைட்டமின் குறைந்திருப்பது நன்கு நிறுவப்பட்ட உண்மை. அமெரிக்காவில் அவர்களுக்கு நாளொன்றுக்கு 35 மில்லிகிராம் அதிகம் வேண்டும் என்றே விதித்திருக்கின்றனர்.

குளூட்டாதையோனைக் கொண்டு பெராக்ஸைடுகளை அழிக்கும் நொதிப்பொருளுக்கு ஸெலினியம் என்னும் மூலப்பொருள் தேவை என்பது 1973இல் அமெரிக்காவின் விஸ்கான்ஸின் சர்வகலாசாலையில் கண்டுபிடிக்கப்பட்டது. ஸெலினியம் மனிதனுக்குத் தானியத்தின் வழியாகவும், தானியத்துக்கு மண்ணின் வழியாகவும் வருவது. மண்ணில் அது குறைந்தால் நேர்வது என்ன என்பதைச் சீன தேசம் அறிந்தது. அங்கு வடகிழக்கில் கேஷான் என்னும் வட்டாரத்தில் 1935இல் குடியானவர் வீட்டுப் பெண்டிரும் குழந்தைகளும் இருதயத் தசை நலிந்து மாண்டனர். பல பத்தாண்டுகளுக்குப் பின்னரே அப்பகுதிகளின் நிலத்தில் ஸெலினியம் மிகக் குறைவென்று தெரிந்தது. 1970ஐ அடுத்த ஆண்டுகளில் குழந்தைகளுக்கு ஸோடியம் ஸெலினைட்டு மாத்திரை கொடுத்தபோது நோய் வெகுவாகத் தணிந்தது. ஆனால் ஸெலினியக் குறைவு மாத்திரமன்றி, காக்ஸாக்கி என்னும் வைரஸும் இதில் கலந்திருப்பதாக அறிஞர் ஐயுற்றனர்.

இவ்வையத்தை வட கரோலினா சர்வகலாசாலையைச் சேர்ந்த மெலிண்டா பெக் அம்மையார், அமெரிக்க விவசாய இலாகாவின் விஞ்ஞானி ஆர்வில் லெவாண்டருடன் சேர்ந்து ஆராய்ந்தார். பின்னர் 2001இல் இன்புளுயன்சா வைரஸைக் கொண்டும் சோதனை செய்யப்பட்டது. ஸெலினியம் இல்லாத தீனி தின்ற எலிகளுக்கு, சாதுவான ஒரு வைரஸே நுரையீரலில் கடுமையான நோயை விளைத்தது. அதனினும் வியப்பானது, அவ்வெலிகளின் உடலில் வளர்ந்த வைரஸின் பரம்பரைக் குணமே மாறிவிட்டமையாகும். மாறிய வைரஸை நல்ல தீனி தின்ற எலிகளுக்குப் புகுத்தியபோது அவையும் கடுமையாக நோயுற்றன. ஊட்டமற்ற ஓருடலில் தங்கிய கிருமி, ஊட்டமுள்ள அண்டை வீட்டாரையும் தாக்கும் வலிமை பெற்றுச் சென்றது என்பது இதன் பொருள். எலிகளில் கண்டது மனிதரிடமும் அப்படியே நிகழும் என்று துணியலாகாது. ஆயினும் கூலியாட்களின் உணவைப்பற்றி நிலமுடையோர் சிந்திப்பதற்கு இது போதிய காரணமாகும் என்பது எமது அபிப்பிராயம்.

பின்லாந்து தேசத்து மண்ணிலும் ஸெலினியம் குறைவு. அங்கு 1984இல் தீர்மானித்து, மறு ஆண்டு முதல் விவசாய உரங்களிலேயே ஸோடியம் ஸெலினேட்டைச் சிறிதளவு கலந்து விற்கச் செய்தனர். தானியத்திலும் பாலிலும் இறைச்சியிலும் அது ஏறி, மக்களின் இரத்தத்திலும் உயர்ந்தது. தேசத்து மக்களின் உடற்குறையை உரமூட்டையின் வழியாகத் தீர்த்த முயற்சி இது. ஆனால் இதனைக் கண்டு எவரும் தம் வயலில் ஸெலினியம் இட முற்படலாகாது. தேவைக்கும் நஞ்சுக்கும் இடையே இதில் வரம்பு மிகக் குறுகியது. பஞ்சாபில் நவான்ஷகர், ஹோஷியார்பூர் ஜில்லாக்களின் சில கிராமங்களில் இயற்கையாகவே ஸெலினியம் மிகுந்த நிலத்தில் விளைந்த தீவனத்தைத் தின்று, கால்நடைகள் குளம்பு வெடித்தும் மயிர் உதிர்ந்தும் வருந்தியிருக்கின்றன.

நமது நெல்வயல்களில் பெரிதும் காணப்படும் குறை துத்தநாகக் குறையே. 1966இல் பந்த்நகரில் நேனே என்னும் அறிஞர், நெற்பயிரின் இலை துருநிறம் கொள்ளும் கைரா நோய்க்குத் துத்தநாகக் குறைவே காரணம் என்று நிரூபித்தார். ஹெக்டேருக்கு 25 கிலோ துத்தநாக சல்பேட்டு இடுவதை நமது குடியானவர் நன்கறிவர். பயிரின் பச்சையத்துக்கு வேண்டிய அதே உலோகம் மனிதனின் டிஸ்மியூட்டேஸுக்கும் வேண்டியிருப்பது சிந்திக்கத்தக்கது. எனினும் வயலில் இட்டது முழுவதும் மணிக்குள் ஏறிவிடும் என்றோ, அதனால் இன்புளுயன்சா வராது என்றோ சொல்ல ஆதாரமில்லை. அரிசியைப் பளபளக்கத் தீட்டுவதால் தவிட்டோடு ஈ வைட்டமினும் உலோகச் சத்துக்களில் ஒரு பங்கும் போய்விடுகின்றன என்பது மட்டும் நிச்சயம்.

எலிகளை விட்டு மனிதரிடம் வருவோம். இத்தாலி தேசத்தில் இருபது இடங்களில், பெரும்பாலும் முதியோரான 262 பேரைக் கொண்டு ஒரு சோதனை நடந்தது. ஒரு சாராருக்குக் குளூட்டாதையோனுக்கு மூலப்பொருளான என்-அஸெடைல்ஸிஸ்டீன் 600 மில்லிகிராம் நாளுக்கு இருமுறையாக ஆறுமாதம் கொடுக்கப்பட்டது. மற்றவர்களுக்கு வெறும் மாத்திரை. 1997இல் வெளிவந்த முடிவின்படி, வைரஸ் தொற்றியவர் விகிதம் இரு சாராரிலும் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் தொற்றியவர்களுள் நோய்க்குறி கண்டவர், மருந்துண்டவரில் நூற்றுக்கு 25 பேரும் மற்றவரில் 79 பேரும் ஆவர். எரிப்புத் தடுப்பான் கிருமியை நுழையவிடாமல் தடுக்கவில்லை; நுழைந்த கிருமி விளைக்கும் உபத்திரவத்தைக் குறைத்தது. எலிச்சோதனைகளோடு இது ஒத்திருப்பினும், ஒரு சிறு சோதனையைக் கொண்டு ஊருக்கெல்லாம் மருந்து கொடுத்தல் முறையாகாது.

ஸி வைட்டமினைப்பற்றி மக்கள் கொண்டுள்ள நம்பிக்கை அளவுகடந்தது. ஹங்கேரி தேசத்து ஸெண்ட்-ஜ்யோர்ஜி அதனைப் பிரித்தெடுத்து 1937இல் நோபல் பரிசு பெற்றார். அக்காலம் தொட்டுச் செய்யப்பட்ட சோதனைகளையெல்லாம் ஒருங்கே பார்த்தால், தினந்தோறும் அதனை மாத்திரையாக உண்பதால் சாதாரண மக்களுக்கு ஜலதோஷம் வருவது குறைவதில்லை. வந்த ஜலதோஷம் நீடிக்கும் காலம் பெரியோரிடம் நூற்றுக்கு 8 பங்கு குறைகிறது. மிகக் கடுமையாக உடலை வருத்தி ஓடுவோரிடமும், குளிரில் பயிற்சி செய்யும் சிப்பாய்களிடமும் மாத்திரம் ஜலதோஷம் வருவதே பாதியாகக் குறைந்தது. இதுவும் ஜலதோஷத்தைப் பற்றியதேயன்றி இன்புளுயன்சாவைப் பற்றியதன்று.

இதற்கு எதிரிடையான செய்திகளையும் மறைக்கலாகாது. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆடவர் 29,133 பேரைக் கொண்டு நடந்த சோதனையில், பீட்டா கரோட்டீன் 20 மில்லிகிராம் தினந்தோறும் உண்டவர்களுக்கு நுரையீரல் புற்று நூற்றுக்கு 18 வீதம் அதிகமாயிற்று. கீரையிலும் பப்பாளியிலும் இருக்கும்போது நன்மை செய்யும் பொருள், பிரித்துத் திரட்டிப் புகையால் புண்பட்ட நுரையீரலுக்குக் கொடுத்தபோது கேடு செய்தது. இது 1994இல் வெளியானபோது வைத்திய உலகம் திடுக்கிட்டது. 2022இல் வெளிவந்த மற்றொரு சோதனையில், இரத்தத்தில் கிருமி பரவி உயிருக்குப் போராடிய 872 நோயாளிகளுள், ஸி வைட்டமினைப் பெருமளவில் இரத்தக்குழாய் வழியே பெற்றவர்களில் நூற்றுக்கு 44.5 பேரும், பெறாதவர்களில் 38.5 பேரும் இறந்தோ உறுப்புச் செயலிழந்து நீடித்தோ போயினர். சூப்பராக்ஸைடு முதலியன கிருமியைக் கொல்லும் ஆயுதங்களும் ஆகும் என்பதை மறந்து, அவற்றை அடியோடு ஒழிக்க முயல்வது காவலாட்களைக் கட்டிப்போடுவதற்கு ஒப்பாகும்.

ஆகவே சந்தையில் விற்கும் மாத்திரைகளுக்குக் கொடுக்கும் பணத்தைக் கொல்லைக்கே செலவிடுமாறு கூறுவோம். வயது வந்த ஆணுக்கு நாளொன்றுக்கு 80 மில்லிகிராம் ஸி வைட்டமின் போதுமென்று இந்திய வைத்திய ஆராய்ச்சிக் கழகம் விதித்திருக்கிறது. நடுத்தரமான ஒரு நெல்லிக்கனியோ ஒரு கொய்யாக்கனியோ இதற்குப் போதும். வீட்டின் பின்புறம் ஒரு நெல்லிமரமும் ஒரு முருங்கையும் இருந்தால் ஒரு குடும்பத்துக்கு இவ்விஷயத்தில் குறைவிராது. நெல்லியைத் துண்டங்களாக்கி உலர்த்தினால் சத்தில் ஒரு பங்கு அழியுமாயினும், மீதம் கனியற்ற மாதங்களுக்கு உதவும். கீரையை நெடுநேரம் வேகவைத்து நீரை இறுத்துக் கொட்டிவிடும் வழக்கம் சத்தையும் உடன் கொட்டிவிடுவதாகும். நிலக்கடலையில் ஈ வைட்டமினும், பயறு வகைகளிலும் கேழ்வரகிலும் உலோகச் சத்துக்களும் உண்டு. களத்தில் நெல் தூற்றும்போது மூக்கையும் வாயையும் துண்டால் மூடிக்கொள்வதும், சமையலறைப் புகை வெளியேற வழி செய்வதும், பீடியை விட்டொழிப்பதும் காசு செலவில்லாத காப்புகள்.

இவையெல்லாம் நுரையீரலின் கையிருப்பைப் பெருக்குவனவேயன்றி, நோய்க்கு மருந்தாகா. வைரஸ் ஆண்டுதோறும் உருமாறுவதால் தடுப்பூசியையும் ஆண்டுதோறும் போட்டுக்கொள்ள வேண்டும். முதியோர், கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், ஆஸ்துமாவும் நீரிழிவும் உள்ளவர்கள் இதில் அசட்டையாய் இருத்தல் கூடாது. ஓஸெல்டாமிவிர் என்னும் மருந்து ஜுரம் கண்ட 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால் அதிகப் பயனளிக்கும். அதனை வைத்தியர் சொற்படியே உண்ணவேண்டும். சிறுவர்களுக்கு ஜுரத்துக்கு ஆஸ்பிரின் கொடுக்கலாகாது. மூச்சுத் திணறல், மார்பு வலி, உதடு நீலம் பாய்தல், புத்தி தடுமாற்றம் இவற்றுள் ஒன்று கண்டாலும், ஜுரம் விட்டபின் மறுபடி இருமலோடு திரும்பினாலும், கஷாயத்தை நம்பி இரவைக் கழிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லவேண்டும். குமமோட்டோ எலிகளின் ஐந்தாம் நாளையும் எட்டாம் நாளையும் இங்கே நினைவு கூர்க.

கோழி வளர்ப்போர்க்கு ஒரு வார்த்தை. 2006இல் மகாராஷ்டிரத்து நவாபூரில் பறவை இன்புளுயன்சா முதன்முதலாக இந்தியாவில் காணப்பட்டது. 2024இல் அமெரிக்காவில் அதே இனத்து வைரஸ் கறவைப் பசுக்களையும் பற்றி அவற்றின் பாலிலும் இருக்கக் கண்டனர். கோழிகள் கூட்டமாகத் திடீரென்று மடிந்தால் வெறுங்கையால் தொடாமலும், உரித்துத் தின்னாமலும், குளத்தில் எறியாமலும் கால்நடை வைத்தியருக்குத் தெரிவிக்கவேண்டும். பாலைக் காய்ச்சியே அருந்தவேண்டும். கிராம அதிகாரிகள், ஒரு தெருவிலோ ஒரு பண்ணையிலோ ஒரே வாரத்தில் பலர் ஜுரத்தோடு மூச்சு முட்டலும் கண்டு படுத்தால், அவர்கள் தொகையையும் வயதையும் நோய் தொடங்கிய நாளையும் குறித்து, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புதல் வேண்டும்.